நிலைபெறும் பாடுபொருள்கள்: ஜொகூர்த் தமிழர் வாழ்வில் திரைப்பாடல்

முன்னுரை

தமிழின் முதற் பேசும் படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று தொட்டுத் திரைப்படமும் பாட்டும் பிரிக்கவியலாதன ஆயின. தொடக்ககாலப் படங்கள் சிலவற்றில் ஐம்பது பாடல்கள் வரை இடம்பெற்றன. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இக்காலப் பகுதியில் பல்லாயிரம் பாடல்கள் எழுதப்பெற்றன, பாடப்பெற்றன, மறக்கவும் பெற்றன. மறக்கப்படாமல் எஞ்சியவை சிலவே. அவை ஏன் எஞ்சின என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவிற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று: மெட்டின் இனிமை, பாடகரின் குரல்வளம், நடிகரின் புகழ். இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயின் இம்மூன்றும் ஒருங்கே அமைந்த பாடல்கள் பலவும் வந்த சுவடு தெரியாமல் மறைந்துள்ளன. எனவே, இவற்றுக்கு அப்பாலும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அதனைப் பாடுபொருளில் தேடுவது நம் நோக்கம்.

ஜொகூர் மாநிலத்தை இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. சிகாமாட்டிலிருந்து லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் வழியாக ஜொகூர் பாருவரை செல்லும் இருப்புப்பாதையின் இருமருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன. அத்தோட்டங்களின் லயத்து வீடுகளிலே திரைப்பாடல் கேட்டு வளர்ந்தோர் நம் பெற்றோரும் பாட்டன்மாரும். பாடல் பிறந்த நிலம் ஒன்று. அது பாடப்பட்ட நிலம் வேறொன்று. வேற்று மண்ணில் நடப்பட்ட செடியில் எந்தக் கிளை தழைத்தது, எது உதிர்ந்தது என்பதைச் சொந்த மண்ணில் காண்பதைவிட இங்குத் தெளிவாகக் காணலாம்.

முப்பொருளும் இடம்பெயர்ந்த பாடலும்

தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, அவை ஒன்றினும் ஒன்று சிறந்து வருவன என்றார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலாயின கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரிப்பொருள். திரைப்பாடல் சங்கப் பாடலன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்துமன்று. எனினும், இப்பகுப்பு நமக்கு நல்லதோர் அளவுகோலாகப் பயன்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1961இல் வெளிவந்த பாசமலர் படத்தில் கண்ணதாசன் எழுதி, விசுவநாதன்–இராமமூர்த்தி இசையமைப்பில் டி. எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும் பாடிய தாலாட்டு ஒன்று உண்டு. அதில் பொதிகை மலை வருகிறது. மதுரை நகர் வருகிறது. படைகொண்டு வெல்லும் மாமன் வருகிறான். குளுவாங்கில் லம்பாக் மலை அடிவாரத்து லயத்தில், சேலையில் கட்டிய ஏணையை ஆட்டியவாறு அதனைப் பாடிய தாய்மார் பலர் பொதிகையைக் கண்டதில்லை, மதுரையை மிதித்ததில்லை. அவர்கள் கண்டதெல்லாம் வரிசை வரிசையாய் நின்ற பால்மரமே. ஆயினும் பாட்டு அவர்களுக்கு அயலானதாகத் தோன்றவில்லை. உடன்பிறந்தான்மீது ஒரு பெண் கொண்ட பற்றும், பிள்ளைக்கு மாமன் துணை நிற்பான் என்னும் நம்பிக்கையும் லயத்திலும் இருந்தன. முதலும் கருவும் கடல் கடக்கையில் உதிர்ந்தன. உரி மட்டும் கரை சேர்ந்தது.

திடலும் வானொலியும்

இப்பாடல்கள் தோட்டத்தை வந்தடைந்த வழிகள் இரண்டு. ஒன்று, தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டப்பட்ட படம். பாயும் சாக்கும் விரித்து, மழை வந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு அமர்ந்து பார்த்த படம் அது. ஒரு படத்தை ஒருமுறை காண்பதே அரிது. எனவே கதை மங்கினும் பாட்டு மங்காதவாறு செய்தது இரண்டாவது வழியாகிய வானொலி. 1946இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரேடியோ மலாயாவின் தமிழ்ப் பகுதியும், பின்னர்க் கோலாலம்பூரிலிருந்து ஒலித்து இன்று மின்னல் பண்பலை எனப் பெயர் பெற்றுள்ள தமிழ் ஒலிபரப்பும் இவ்வகையில் ஆற்றிய பணி பெரிது. ஜொகூரின் தென்பகுதியினர்க்குச் சிங்கப்பூரின் ஒலி 96.8உம் அண்டை வீட்டுக் குரலாகவே இருந்து வருகிறது.

நேயர் விருப்ப நிகழ்ச்சிகள் இவண் தனியே நோக்கத்தக்கன. பாடலுக்கு முன் அறிவிப்பாளர் நேயர்களின் பெயர்களையும் அவர்தம் தோட்டங்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசிப்பார். திரைப்பாடல் எதிலும் இடம்பெறாத தோட்டத்தின் பெயர் அப்பாடலின் வாயிலில் ஒலித்தது. பிறந்தநாள், திருமணநாள், நினைவுநாள் என ஏதேனும் ஒரு காரணத்தை முன்னிட்டே பாடல் கேட்கப்பட்டது என்பதும் கருதற்குரியது. பாடலை வாழ்க்கை நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடும் பழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று. நாம் மேலே தேடிய காரணம் இம்முடிச்சிலேயே இருக்கிறது. மீண்டும் மீண்டும் வரும் ஒரு வாழ்க்கை நிகழ்வுக்கு எந்தப் பாடுபொருள் சொல் தருகிறதோ, அதுவே நிலைபெறுகிறது என்பது நம் துணிபு. இதனை நான்கு பாடுபொருள்களில் சோதித்துக் காண்போம்.

தாலாட்டும் மணமும்

பாசமலர்த் தாலாட்டினை முன்னர்க் கண்டோம். அதே படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய, மணமகளைத் தோழியர் அழைத்துவரும் பாடல் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் திருமண மண்டபங்களில் ஒலிக்கிறது. மணமேடைக்கு மணமகள் நடந்துவரும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு பாட்டு வேண்டும். அதற்கெனவே அளவெடுத்ததுபோல் இஃது அமைந்துள்ளது. ஒரே படம் ஒரு பெண்ணின் வாழ்வில் இரு பெரும் தருணங்களுக்கு இரு பாடல்களை வழங்கியது வியப்புக்குரியது.

தாலாட்டு வரிசையில் மூன்றாம் பிறை (1982) படத்தில் இளையராசா இசையில் கே. ஜே. யேசுதாஸ் பாடியதும் நிலைபெற்றுவிட்டது. கண்ணதாசன் திரைப்படத்திற்கு எழுதிய இறுதிப் பாடலாக அது போற்றப்படுகிறது. அப்படத்தில் தாலாட்டப்படுபவள் குழந்தையல்லள், நினைவிழந்த இளம்பெண். ஆனால் இல்லங்களில் அது குழந்தைக்கே பாடப்படுகிறது. மக்கள் படத்தின் கதையைக் களைந்துவிட்டு, தமக்கு வேண்டிய நிகழ்வுக்குப் பாடலைப் பொருத்திக்கொள்கின்றனர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பிரிவு

இரத்தத் திலகம் (1963) படத்தில் கல்லூரி மாணவர் பிரியும் நாளில் பாடுவதாகக் கண்ணதாசன் எழுதிய பாடல், பள்ளிகளின் பிரியாவிடை நிகழ்ச்சிகளுக்கு உரிமைப் பொருளாகிவிட்டது. படம் இந்திய–சீனப் போரைப் பின்புலமாகக் கொண்டது என்பதைப் பாடும் மாணவருள் பலர் அறியார். அறியாமையால் பாட்டுக்கு யாதொரு குறையும் நேரவில்லை. இன்று ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் உள்ளன. ஆறாம் ஆண்டு முடித்து வெவ்வேறு இடைநிலைப் பள்ளிகளுக்குப் பிரிந்து செல்லும் சிறார் இருக்கும்வரை அப்பாடுபொருளுக்கு முதுமையில்லை.

ஜொகூர்த் தமிழர்க்குப் பிரிவு இன்னொரு வகையிலும் அன்றாட ஒழுக்கமாயிற்று. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட தரைப்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். பிள்ளைகள் உறங்கிய பின்பு திரும்புகின்றனர். பொருள்வயிற் பிரிவு எனச் சங்க இலக்கியம் கூறுவதை இவர்கள் நாளுக்கு ஒருமுறை நடத்துகின்றனர். பேருந்திலும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தினுள்ளும் இவர்கள் கேட்பவற்றுள் பழைய பாடல்கள் மிகுதியாக இருப்பது வெறும் பழமைப் பற்றன்று. இல்லத்தை எண்ணி இருக்கும் நிலைக்குச் சொல் தரும் பாடல் எக்காலத்ததாயினும் அது புதியதே.

உழைப்பு

இருபத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) உழைப்பவன் நிலையைத் திரைப்பாட்டில் அழுத்தமாகப் பதித்தார். அவர் காட்டியவை வயலும் ஏரும். அவரை அடுத்து, வாலி எழுதிய படகோட்டி (1964) பாடல்கள் மீனவர் துயரைக் கூறின. அலைகடலில் ஆடவன் அலைய, கரையில் பெண் கலங்குவதைப் பாடின. பால்மரக் காட்டில் கடலும் இல்லை, ஏரும் இல்லை. அங்கு இருந்தவை விடியற்காலைப் பெரட்டும், உளியும், பால்வாளியும், மழை பெய்தால் இழக்கும் கூலியுமே. எனினும், படைத்தவன் யாவர்க்கும் பொதுவாகக் கொடுத்ததை இடையில் நின்றவர் பறித்துக்கொண்டனர் என்னும் கருத்து மீனவனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் ஒன்றே. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருப்பெற்ற பின்னர் வளர்ந்த தலைமுறை, தன் நியாயத்தை எம்.ஜி.ஆர். திரையில் வாயசைத்த பாடல்களில் கேட்டது.

இப்பாடுபொருள் இன்று தளர்ந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் செம்பனைக்கு இடமளித்தது, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. கூட்டமாகப் பெரட்டுக்கு நின்ற மக்கள் பாசிர் கூடாங், மாசாய், ஸ்கூடாய் ஆகிய இடங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினர். உழைப்பு இருக்கிறது, சுரண்டலும் இருக்கிறது, கூடி நின்று பாடும் நிகழ்வு மட்டும் இல்லை. ஆகவே இப்பாடல்கள் பெரியவர் நினைவில் வாழ்கின்றனவேயன்றி இளையோர் வாயில் வாழவில்லை. உரிப்பொருள் உயர்ந்ததாயினும், அதனைச் சுமக்கும் நிகழ்வு மறைந்தால் பாடலும் மெலிகிறது என்பதை இது காட்டுகிறது.

நிலையாமை

நான்கனுள் மிக உறுதியாக நிலைத்திருப்பது நிலையாமையைப் பாடும் பாடலே என்பது ஒரு நயமான முரண். பாதகாணிக்கை (1962) படத்தில் டி. எம். சௌந்தரராசன் பாடிய கண்ணதாசன் பாடல், இறந்தவனோடு எந்த உறவு எவ்வளவு தொலைவு உடன்வரும் என்று கணக்கிடுகிறது. அதன் கருத்து பட்டினத்தாருடையது. அதற்கும் முன்னே தொல்காப்பியர் காஞ்சித்திணை என வகுத்த மரபுடையது. நூற்றாண்டுகள் பலவாகத் தமிழர் சாவு வீட்டில் எண்ணி வந்ததைக் கவிஞர் எளிய சொல்லில் மீண்டும் தந்தார்.

கூலாய் வட்டாரத்து மலிவுவிலை வீடமைப்புப் பகுதியொன்றில் ஓர் இறுதிச் சடங்கில் நாம் கலந்துகொண்ட அனுபவம் இங்குக் குறிக்கத்தக்கது. ஒப்பாரி பாடத் தெரிந்த மூதாட்டி எவரும் அங்கு இல்லை. கூடாரத்தின் ஒரு மூலையில் ஒலிபெருக்கி இப்பாடலை மெல்ல இசைத்துக்கொண்டிருந்தது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் தலைகுனிந்து நின்றனர். அவர்களுக்குச் சொற்கள் யாவும் விளங்கின என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது எந்த நேரத்துப் பாட்டு என்பது விளங்கியது. ஒப்பாரியின் இடத்தைத் திரைப்பாடல் பிடித்துக்கொண்டது என வருந்துவதா, ஒப்பாரி இல்லாத இடத்தில் இஃதேனும் இருந்ததே என ஆறுதலடைவதா? இரண்டும் உண்மையே.

எதிர்வாதங்கள் இரண்டு

நம் துணிபுக்கு எதிராக இரண்டு கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது: ஆழ்ந்த பொருளில்லாத பாடல்களும் நிலைக்கின்றனவே? சகலகலா வல்லவன் (1982) படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய புத்தாண்டு வாழ்த்துப் பாடல் ஆண்டுதோறும் திசம்பர் 31 நள்ளிரவில் உயிர்பெறுகிறது. அதில் பெரும் உரிப்பொருள் ஏதுமில்லை. ஆனால் அதற்கென ஒரு நாள் உண்டு. நாள்காட்டி அதனைக் காக்கிறது. இது நம் துணிபை மறுக்கவில்லை. நிகழ்வின் ஆற்றல் பாட்டின் தகுதியையும் விஞ்சவல்லது என்பதை மெய்ப்பிக்கிறது. நிலைபெறுவன யாவும் சிறந்தன அல்ல என்னும் கசப்பான உண்மையைத் திறனாய்வாளர் ஏற்றே ஆகவேண்டும்.

இரண்டாவது: சொல்லே இல்லாத இசையும் நிலைக்கிறதே? தில்லானா மோகனாம்பாள் (1968) படத்தில் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர் வாசித்த நாதசுவரம் இதற்குத் தக்க சான்று. மலேசியாவில் உறுமி மேளக் குழுவினர் திரைமெட்டுகளை எடுத்துக்கொண்டு காவடி ஆட்டத்திற்கு இசைப்பதும் இவ்வகையினதே. இதனைப் பழிப்போர் உளர். கோயிலில் திரைமெட்டு ஒலிக்கலாமா என்னும் வினா நியாயமானதே. ஆயினும், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து மெட்டுகளும் நாட்டுப்புற மெட்டுகளும் திரைக்குள் சென்றதை நாம் அறிவோம். திரையிலிருந்து அவை மீண்டும் காவடிக்கு வருவது ஒருவகையில் வீடு திரும்புதலே. மலேசிய இளைஞர் குழுவாகிய யோகி பி, நட்சத்திரா 2006இல் வெளியிட்ட வல்லவன் இசைத்தொகுப்பில் நிழல்கள் (1980) படப்பாடலை எடுத்துத் தம் சொல்லிசையை அதனுள் ஏற்றியதும் இத்தொடர்ச்சியில் வைத்தெண்ணத்தக்கது. பாடல் பிறர் கைபட்டு மாறும்போதும் வாழ்கிறது.

நிலைக்கமாட்டாதவை எவை என்பதும் இதனாற் பெறப்படும். அவ்வப்போது வந்த கருவிகளின் பெயர்களை அடுக்கிக் கட்டியவை, ஒரு நடிகரின் வருகையை மட்டும் முழங்குபவை, அந்தந்த ஆண்டின் தெருப்பேச்சையே முதலாகக் கொண்டவை ஆகியன கருப்பொருளால் மட்டும் நிற்பன. கருப்பொருள் மாறியதும் அவை சாய்கின்றன. மலேசியத் தமிழர் வாழ்வைக் களமாகக் கொண்ட கபாலி (2016) படத்தில் நாயகனை முழங்கிய பாடல்களே வெளியான காலத்தில் பெரிதும் ஒலித்தன. நம் கணிப்பில், நெடுங்காலம் பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் சேரும் காட்சிக்கு அமைந்த மென்மையான பாடலே அவற்றுள் நீண்டு வாழும்.

பாடப்படாதவை

இதுகாறும் எஞ்சியவற்றைப் பேசினோம். எஞ்சாதவற்றைப் பேசாவிடின் இக்கட்டுரை அரைகுறையாகும்.

திரைப்பாடல் தோட்டத்திற்கு வருமுன்னரே அங்குப் பாட்டு இருந்தது. கப்பலேறி வந்ததையும், கங்காணியின் கடுமையையும், கொசுவையும், காய்ச்சலையும், பால்மரத்தையும் பெயர் சொல்லிப் பாடிய நாட்டுப்பாடல்கள் அவை. 1942–43இல் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கச் சப்பானியரால் கொண்டுசெல்லப்பட்டு மீளாதவர்களுக்காகப் பெண்கள் பாடிய ஒப்பாரியும் அவற்றுள் அடங்கும். நாமறிந்த புகழ்பெற்ற திரைப்பாடல் எதுவும் அப்பிரிவைப் பாடியதில்லை. அப்பெண்களுக்கு இரவல் பாட்டு உதவவில்லை, தாமே பாடினர். அறிஞர் சிலர் இத்தகைய பாடல்களுள் ஒரு பகுதியைத் திரட்டி அச்சேற்றினர். மிகுந்தவை பாடியவர்களோடு மண்ணாயின.

திரைப்பாடல் வானொலி வழியே வந்தபோது, தோட்டத்துப் பாட்டு அதன்முன் நாணி ஒதுங்கிற்று. ஏணையருகில் தம் தாய் பாடிய தாலாட்டை விட்டுவிட்டுப் பாசமலர்த் தாலாட்டைப் பாடியபோது ஒரு தலைமுறை இனிமையொன்றைப் பெற்றது. கூடவே ஒன்றை இழந்தது. பொதிகையும் மதுரையும் நம் பிள்ளைகளின் செவியில் விழுந்தன. லம்பாக் மலையும் ரெங்கமும் விழவில்லை. உரிப்பொருள் நிலைத்தது என மேலே மகிழ்ந்தோம். ஆனால் நமக்கே உரிய முதலும் கருவும் பாட்டிலிருந்து மறைந்ததே அதற்கு நாம் கொடுத்த விலை. தோட்டமும் மறைந்துவிட்ட இந்நாளில், அத்தோட்டத்தைப் பெயர் சொல்லும் பாட்டும் இல்லையெனின், பேரப்பிள்ளைகள் அதனை எங்ஙனம் அறிவர்?

இவ்விடத்தில் மலேசியா வாசுதேவனை (1944–2011) நினையாதிருக்க முடியவில்லை. இம்மண்ணில் பிறந்து வளர்ந்து சென்னை சென்ற அவர், 16 வயதினிலே (1977) தொட்டுத் தமிழ்நாட்டுச் சிற்றூரின் குரலாகவே ஒலித்தார். நம் குரல் அவர்களது ஊரைப் பாடவல்லதாயின், நம் ஊரையும் பாடவல்லதே. செம்மண் சாலை (2005), ஜகாட் (2015) போன்ற மலேசியத் தமிழ்ப் படங்கள் நம் நிலத்தைத் திரையில் காட்டத் தொடங்கிவிட்டன. காட்சி வந்துவிட்டது. ஏணையிலும் மணமேடையிலும் பிரியாவிடையிலும் பாடத்தக்க பாட்டு இனி வரவேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், நிலைபெறும் திரைப்பாடல் இரு தூண்களின்மீது நிற்கிறது எனலாம். ஒன்று, நிலம் மாறினும் மாறாத உரிப்பொருள். மற்றொன்று, மீண்டும் மீண்டும் வரும் வாழ்க்கை நிகழ்வு. இரண்டும் உள்ள தாலாட்டும், மணப்பாட்டும், பிரியாவிடையும், இரங்கலும் இன்னும் பன்னெடுங்காலம் வாழும். நிகழ்வை இழந்த உழைப்புப் பாடல் தளர்கிறது. உரிப்பொருள் இல்லாவிடினும் நாள் குறித்த பாடல் பிழைத்துக்கொள்கிறது. இரண்டும் இல்லாதவை மறையும்.

இவ்வடிப்படையில் ஆய்வு மாணவர்க்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்க விழைகிறோம். ஜொகூரின் வீடமைப்புப் பகுதிகளில் தோட்டத்துப் பாட்டை நினைவில் கொண்ட முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர்களிடம் சென்று, எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்பதைக் காட்டிலும், எந்த நேரத்தில் எதைப் பாடினீர்கள் என்று கேளுங்கள். திரைப்பாடலைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சற்றே பொறுத்து, அதற்கு முன் உங்கள் அம்மா எதைப் பாடினார் என்றும் கேளுங்கள். திரைப்பாடலைக் காக்க ஒலிநாடாவும் இணையமும் இருக்கின்றன. அந்த இரண்டாம் வினாவின் விடையைக் காக்க நம்மையன்றி வேறெவரும் இல்லை.